பஞ்சமத்தின் மேல் ஸட்ஜம்: ஹார்ட் ராக் ரிஃபில் டபுள் ஸ்டாப்பின் தனி வழி

ஹெவி மெட்டல் இசையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் ராபர்ட் வால்ஸரிடம்தான் முதலில் போய் நிற்கிறோம். 1993இல் வந்த அவருடைய ‘ரன்னிங் வித் த டெவில்’ நூல் அந்த இசையைக் கூச்சல் என்று ஒதுக்கிய கல்விப்புலத்தை உட்கார்ந்து கேட்க வைத்தது. கிட்டாரை வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர் அவர். நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. ஆனாலும் பவர் கார்டுக்கு அவர் தரும் இலக்கணத்தில் ஒரு சிறிய ‘அல்லது’ இருக்கிறது. அதோடுதான் எனக்கு வழக்கு.

டிஸ்டார்ஷன் ஏற்றிய மின்கிட்டாரில் நான்காம் சுர இடைவெளியையோ ஐந்தாம் சுர இடைவெளியையோ ஒலித்தால் அது பவர் கார்டு என்பது வால்ஸரின் கருத்து. நம் கணக்கில் சொன்னால் ச–ம, ச–ப இரண்டும் அவருக்கு ஒரே பொருள். அவர் காட்டும் காரணம் வலுவானது. ஆம்ப்ளிஃபையர் திணறும் அளவுக்கு ஒலியை ஏற்றும்போது இரண்டு சுரங்களும் கலந்து, கம்பியில் இல்லாத மூன்றாவது ஒலி ஒன்று கீழே பிறக்கிறது. பவர் கார்டின் பலம் அந்தக் கீழொலியில்தான் இருக்கிறது என்கிறார்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் பதிவாகி, 1972இல் ‘மெஷின் ஹெட்’ இசைத்தட்டில் வந்தது. அதன் ரிஃபில், அதாவது திரும்பத் திரும்ப வரும் முகப்பு வரியில், குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் முதலில் ஒலிப்பது டி, ஜி என்ற இரண்டு சுரங்கள்: 146.8 ஹெர்ட்ஸ், 196 ஹெர்ட்ஸ். வித்தியாசம் ஏறக்குறைய 49. அதே ரிஃபைப் பலரும் தப்பாக வாசிக்கிறபடி ஐந்தாம் இடைவெளியில் வாசித்தால் கீழே ஜி 98, மேலே டி 146.8. அப்போதும் வித்தியாசம் 49தான். இரண்டிலும் பிறப்பது ஒரே கீழ் ஜி. இந்த இடத்தில் வால்ஸர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடித்தளம் ஒன்று என்பதால் வீடும் ஒன்றாகிவிடுமா? ஐந்தாம் இடைவெளியில் ஆதார சுரமான ஜி கீழ்க்கம்பியில் விரலடியிலேயே இருக்கிறது. ஆம்ப் செய்வதெல்லாம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே நிழல் போடுவது. நான்காம் இடைவெளியில் விரல் தொடும் கீழ்ச்சுரம் பஞ்சமம். ஸட்ஜம் அதன் மேலே உட்கார்ந்திருக்கிறது, மெட்டும் அந்த மேல் கம்பியில்தான் நடக்கிறது. மேல்வரிசையை நம் சுரத்தில் எழுதினால் ச க ம, ச க ம ம, ச க ம க ச. மொத்தம் 12 தட்டு. கீழ்க்கம்பி ப நி ச என்று நான்காம் இடைவெளி குறையாமல் கூடவே வருகிறது. ஐந்தாம் இடைவெளியில் வாசித்தால் மெட்டு கீழ்க்கம்பிக்கு இறங்கிவிடும், காது முதலில் பிடிப்பது மேலே ஓடும் ப நி ச-வை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலாவது இரண்டு குரல் சேர்ந்து பாடும் மெட்டாக ஒலிக்கும், இரண்டாவது சுவர் எழும்புவதுபோல் ஒலிக்கும்.

வரலாற்றிலும் இரண்டும் வேறு வேறு வழியாக வந்தவை என்பதே என் வாதம். பவர் கார்டின் வழி எல்லோரும் அறிந்தது: 1958இல் லிங்க் ரேயின் ‘ரம்பிள்’, 1964இல் கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மி’, டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறிய கதை. தாளத்துக்காகக் கீழ்க்கம்பிகளில் அடித்த கார்டு இளைத்து இரண்டு சுரமாக நின்ற வழி அது. இரண்டு கம்பிகளை ஒருசேர ஒலித்து மெட்டு வாசிக்கும் டபுள் ஸ்டாப்பின் வழியோ மேல்கம்பிகளில் தொடங்குகிறது. 1946இல் லூயி ஜோர்டனின் ‘எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்’ பாட்டுக்குக் கார்ல் ஹோகன் ஒற்றைச் சுரங்களில் வாசித்த முகப்பை, 1958இல் சக் பெர்ரி ‘ஜானி பி. குட்’டின் முகப்பாக எடுத்துக்கொண்டார். எடுத்ததோடு நிற்காமல் இரண்டாம் கம்பியையும் சேர்த்துத் தட்டினார். பாட்டின் சுருதி பி ஃபிளாட். மேலிரண்டு கம்பிகளில் 6ஆம் ஃப்ரெட்டில் ஒரே விரலைப் படுக்க வைத்தால் கிடைப்பது எஃப், பி ஃபிளாட். அதாவது கீழே பஞ்சமம், மேலே ஸட்ஜம். 14 ஆண்டு கழித்து பிளாக்மோர் நடுக்கம்பிகளில் எடுத்ததும் அதே ப–ஸ உறவுதான்.

கிட்டாரின் சுருதி அமைப்பே இதற்குத் துணை. ஜி, பி கம்பிகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி மூன்றாம் சுரம். மற்ற அடுத்தடுத்த கம்பிகளெல்லாம் நான்காம் சுர இடைவெளியில் நிற்பவை. எனவே நான்காம் இடைவெளிக்கு ஒரு விரல் படுத்தால் போதும், ஐந்தாம் இடைவெளிக்கு இரண்டு விரல் அகல வேண்டும். பிளாக்மோர் இந்த ரிஃபைப் பிளெக்ட்ரம் இல்லாமல் விரலால் பிடுங்கி வாசிப்பவர். பிளெக்ட்ரம் ஒரு கம்பியைக் கடந்துதான் அடுத்ததற்குப் போகும், விரல்கள் இரண்டையும் ஒரே கணத்தில் விடுவிக்கும். கார்டு அடிக்க நினைக்கிறவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். 1975இல் ரெயின்போ குழுவுக்காக அவர் வாசித்த ‘மேன் ஆன் த சில்வர் மவுன்டன்’ ரிஃபும் நான்காம் இடைவெளியில்தான் போகிறது. ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம், இது அவர் கைப்பழக்கம்.

பெர்ரியிலிருந்து பிளாக்மோர் வரை நேர்க்கோடு போட்டுவிட முடியுமா? முடியாது. கிங்க்ஸ் தங்கள் முதல் இசைத்தட்டையே பெர்ரியின் ‘பியூட்டிஃபுல் டெலைலா’வோடுதான் தொடங்கினார்கள். இரண்டு வழியும் ஒரே குழுவின் கையில், ஒரே ஆண்டில் இருந்திருக்கின்றன. ஆறுகள் கலந்தன என்பதை நான் மறுக்கவில்லை. கலந்ததாலேயே ஊற்று ஒன்று என்று வால்ஸரின் ‘அல்லது’ எண்ண வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

இனி நான் கண்ட சான்று. சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையோரப் பழைய பேப்பர் கடை ஒன்றில் எடைக்குப் போட்ட கட்டிலிருந்து ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு எனக்குக் கிடைத்தது. முன்பக்க அட்டை இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. உள்ளே கையால் எழுதிய கிட்டார் டேப்கள், அதாவது எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் குறிக்கும் பாடங்கள். செங்கல்பட்டு லோக்கலில் பொத்தேரியில் ஏறி இறங்கும் மாணவர்களின் தோளில் கிட்டார் பை இருப்பது இங்கே அன்றாடக் காட்சி. அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம்.

பின்அட்டையில் ஸ்டேஷனரி கடையின் ரப்பர் முத்திரை. ஊர்ப்பெயருக்குக் கீழே ‘காஞ்சிபுரம் மாவட்டம்’. அந்த மாவட்டம் 1997இல் உருவானது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது இந்த ஊர் அதற்குப் போனது. ஆகவே நோட்டு இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மாவட்டம் மாறிய மறுநாளே எந்தக் கடைக்காரரும் முத்திரையை மாற்றுவதில்லை. கீழ் எல்லை உறுதி, மேல் எல்லை தளர்வு என்று விட்டுவிடுகிறேன்.

‘ஸ்மோக்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் நீல மையில் ஆறாம் கம்பிக்கு 3, ஐந்தாம் கம்பிக்கு 5 என்று தொடங்குகிறது. அடுத்து 6, 8. அடுத்து 8, 10. ஐந்தாம் இடைவெளிப் பாடம். இந்த மூன்று தட்டுக்குப் பிறகு குறுக்கே ஒரு கோடு. கீழே ஐந்தாம், நான்காம் கம்பிகளில் 5–5, 8–8, 10–10 என்று மறுபடி தொடங்கி, 11–11 உட்பட 12 தட்டும் முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. இவை பிளாக்மோர் திறந்த நடுக்கம்பிகளில் தொடங்கி வாசிக்கும் அதே சுரங்கள், இடம் மட்டும் வேறு.

அச்சிட்ட பாடத்தைப் பார்த்து எழுதியவர் இப்படித் தொடங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பார்த்து எழுதுகிறவர் விடும் பிழை எண் பிழையாக இருக்கும், கம்பி மாறி மூன்று தட்டு ஒழுங்காக வராது. இவர் தெரிந்த கையமைப்பில் தொடங்கி, மூன்று தட்டிலேயே இது அந்த ஒலி இல்லை என்று உணர்ந்து நிறுத்தியிருக்கிறார். கீழொலி இரண்டிலும் ஒன்றுதான் என்று மேலே கணக்குப் போட்டோம். அப்படியானால் இவர் காது எதைக் கேட்டு அடித்தது? மெட்டு எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதைத்தான். முதலில் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை எழுதி, பிறகு வேறொருவர் திருத்தியிருக்கவும் வழியுண்டு. அப்போதும் திருத்தியவருக்கு வேறுபாடு கேட்டிருக்கிறது, ‘அல்லது’ போதவில்லை.

இதைவிட முக்கியமானது 5–5க்கு அடியில் பென்சிலில் இருக்கிறது: ‘ப ஸ’. எழுத்தின் சாய்வு மை எழுத்திலிருந்து சற்று வேறுபடுவதால் கை ஒன்றா இரண்டா என்று தீர்மானிக்க முடியவில்லை. யாராக இருந்தாலும் சுருதியை எங்கே கேட்டார் என்பது தெளிவு. அதை ‘ச ம’ என்று எழுதவும் இடமிருந்தது, கீழ்ச்சுரத்தை ஆதாரமாகக் கொள்வது காகிதத்தில் எளிது. எழுதியவர் மேல்சுரத்தை ஸட்ஜமாகக் கேட்டிருக்கிறார்.

தம்பூரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது இயல்பு. தம்பூராவின் முதல் கம்பி மந்தர பஞ்சமம், அடுத்த இரண்டும் ஸட்ஜம், கடைசி மந்தர ஸட்ஜம். முதல் இரண்டு மீட்டலே ப–ஸ. நம் வயலினிலும் அப்படி. மேற்கே நான்கு கம்பியும் ஐந்தாம் இடைவெளியில் நிற்க, பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்துக்குப் பின் இங்கே நிலைத்த ச ப ச ப சுருதியில் நடுவிரண்டு கம்பிகள் ப–ஸ ஆகிவிட்டன. என் சுருதிப்பெட்டியை 5 கட்டையில் வைத்து, ஆம்பை ஏற்றி, ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு விரலைப் படுக்க வைத்தேன். 5 கட்டை என்பது ஜி, பெண்குரல் தம்பூராவில் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். கிட்டாரின் மேல்சுரமும் அதே 196. டிஸ்டார்ஷனில் வித்தியாச ஒலி 49 மட்டும் பிறப்பதில்லை. கீழ்ச்சுரத்தின் இரட்டிப்பிலிருந்து மேல்சுரத்தைக் கழித்தால் வரும் 98உம் பிறக்கிறது. அது மந்தர ஸட்ஜம், தம்பூராவின் நான்காம் கம்பி. விரல் கொடுத்தது ப, ஸ. மீதியை வால்வு கொடுத்தது.

இங்கேதான் வால்ஸரின் ஒலியியலே அவருடைய ‘அல்லது’வுக்கு எதிராகத் திரும்புகிறது. ஐந்தாம் இடைவெளியில் இதே கழித்தல் மறுபடி 49ஐத்தான் தருகிறது, புதிதாக எதுவும் வருவதில்லை. பிளாக்மோரின் பதிவில் டிஸ்டார்ஷன் அளவானது என்பதால் 98 அங்கே எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பதில் நான் அழுத்திப் பேசமாட்டேன். ஆனால் பாட்டில் கிட்டார் தனியாகத் தொடங்கி, ராஜர் குளோவரின் பேஸ் கடைசியாகத்தான் நுழைகிறது. அதுவரை கீழ் ஜி யாருடைய விரலிலும் இல்லை.

இந்த ‘அல்லது’ நம் பழைய இசையிலக்கணத்திலும் இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரைகள் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புறவுகளை, அதாவது சுரங்களுக்குள் உள்ள உறவுகளை, எண்ணால் பிரிக்கின்றன. அந்த எண்ணை ஏழு சுரங்களை எண்ணும் நரம்புக் கணக்காகக் கொள்வோர் ஐந்தாவதான பஞ்சமத்தைக் கிளை என்றும் நான்காவதான மத்திமத்தை நட்பு என்றும் கொள்வர். பன்னிரண்டு சுரத்தானங்களை எண்ணும் இராசிக் கணக்காகக் கொள்வோருக்கு ச–ப இணை, ச–ம கிளை. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, இங்கே தீர்க்கவும் வேண்டாம். எந்தக் கணக்கிலும் அவை இரண்டுக்கும் ஒரே பெயர் விழவில்லை.

நோட்டின் அந்தப் பக்கத்தில் பென்சில் 10–10 வரை தொடர்கிறது: ‘ஸ ம’. அடுத்த வரியில் 11–11க்கு அடியில் ‘ரி ம’ என்று எழுதி, ம-வை மட்டும் ரப்பரால் அழித்த தடம் இருக்கிறது. அங்கே மேல்கம்பி பிரதி மத்திமம், அதை ஒட்டியே சுத்த மத்திமம் வருகிறது. இரண்டு மத்திமத்தையும் எப்படி வேறுபடுத்தி எழுதுவது என்று கை தயங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பென்சில் இல்லை.