துப்பாக்கி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

அமெரிக்காவில் கடைக்குப் போனால் காய்கறி வாங்குவது போல இயந்திரத் துப்பாக்கி வாங்கிவிடலாம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாவும் வாட்ஸப்பும் கொடுத்த எண்ணம் அது. அங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகள். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் வரும். அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுகிற முழுத் தானியங்கித் துப்பாக்கியின் கதை வேறு. அதைச் சட்டப்படி வாங்குவது நீண்ட வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது, அந்தச் சட்டம் எப்படி வந்தது, அதற்கு முன்பு யாருக்கு ஆயுதம் மறுக்கப்பட்டது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. அரசு ஒரு பொருளுக்கு உரிமம் கேட்கும்போது என்னென்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் குறைவு.

முதலில் நடைமுறை. 1986 மே 19-க்கு முன்பே கூட்டாட்சி அரசின் பதிவேட்டில் ஏறிய துப்பாக்கியை மட்டுமே சாதாரணக் குடிமக்கள் வாங்க முடியும். சில மாநிலங்களில் அதற்கும் அனுமதி இல்லை. வாங்குபவரின் மாநிலத்தில், இதற்கெனச் சிறப்பு வரி கட்டிய வணிகர் வழியாகத்தான் வழக்கமாக விற்பனை நடக்கும். 'ஃபார்ம் 4' என்ற விண்ணப்பத்தோடு கைரேகை, புகைப்படம், 200 டாலர் வரி ஆகியவற்றை ஏ.டி.எஃப் என்ற கூட்டாட்சி அமைப்புக்கு அனுப்ப வேண்டும். ஊர்க் காவல் தலைமைக்கும் ஒரு நகல் போக வேண்டும். எஃப்.பி.ஐ பின்னணியைச் சோதிக்கும். ஒப்புதல் முத்திரை வரும் வரை, முழுப் பணம் கட்டியிருந்தாலும், துப்பாக்கி விற்பவரிடமேதான் இருக்கும். வாங்கிய பிறகு வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போக வேண்டுமென்றாலும் முன்அனுமதி வேண்டும். பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை.

இந்த ஏற்பாட்டின் வேர் 1934-இல் வந்த தேசிய ஆயுதச் சட்டம். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயக் கும்பல்கள் 'டாமி கன்' என்ற தாம்சன் துப்பாக்கியோடு மோதிக்கொண்டன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஒரே இடத்தில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ரூஸ்வெல்ட் அரசு நடவடிக்கை எடுக்க விரும்பியது. ஆனால் துப்பாக்கியை நேரடியாகத் தடை செய்யக் கூட்டாட்சி அரசுக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வியாக இருந்தது. அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் வரி விதிக்கும் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். கைமாறும் ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கிக்கும் 200 டாலர் வரி. அன்று டாமி கன்னின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். இன்றைய மதிப்பில் அந்த வரி 4,500 டாலருக்கு மேல் வரும். கைத்துப்பாக்கிகளையும் சேர்க்க முதலில் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டார்கள். 1937-இல் உச்ச நீதிமன்றம் இந்த வரி செல்லும் என்றது.

சட்டத்தின் வாசகத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் 1934-க்கு முன்பும் அமெரிக்காவில் ஆயுத உரிமம் இருந்தது. அது யாரை நோக்கியது என்று பாருங்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் 'கறுப்புச் சட்டங்கள்' எனப்படும் சட்டங்களைக் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற கறுப்பர் எவரும், ராணுவத்தில் இருந்தாலொழிய, கவுண்டி வாரியத்தின் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ குண்டோ பெரிய கத்தியோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் கொடுக்கும் வாரியத்தில் இருந்தவர்கள் நேற்றுவரை ஆண்டைகளாக இருந்தவர்களும் அவர்களது ஆட்களும்தான்.

நிறத்தை வெளிப்படையாக எழுதிச் சட்டம் போட முடியாது என்ற நிலை 1868-இல் 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்தது. உடனே எழுத்து மாறியது, நோக்கம் மாறவில்லை. 1893-இல் ஃபுளோரிடா மாநிலம் வின்செஸ்டர் போன்ற, அன்றைக்கு வேகமாகச் சுடக்கூடிய ரிப்பீட்டர் துப்பாக்கிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது. உரிமம் வேண்டுமானால் 100 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான சட்டம். 1941-இல் ஒரு வழக்கில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்ற நீதிபதி ரிவர்ஸ் பூஃபோர்டு தன் தீர்ப்பிலேயே உண்மையைப் போட்டு உடைத்தார். கறுப்பினத் தொழிலாளர்களை நிராயுதபாணி ஆக்கவே அந்தச் சட்டம் போடப்பட்டது. வெள்ளையர்மீது அதைச் செலுத்தும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை. எதிரிகளின் குற்றச்சாட்டாக இது வரவில்லை, அந்த அமைப்பின் உச்சியில் இருந்தவரே எழுதி வைத்த சாட்சியம்.

இதே காலத்தில் மறுபக்கம் என்ன நடந்தது? வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் 1898-இல் கறுப்பர்களும் இடம்பெற்ற, தேர்தலில் வென்ற நகர ஆட்சி இருந்தது. அதைக் கவிழ்க்க முடிவு செய்த வெள்ளை முதலாளிகள் தங்கள் பணத்தைப் போட்டு ஒரு வேகத் துப்பாக்கியை வாங்கி வண்டியில் ஏற்றினார்கள். அதற்கு விண்ணப்பம் இல்லை, கைரேகை இல்லை, வரி இல்லை. அதே நகரில் கறுப்பர்களுக்குத் துப்பாக்கி விற்க வெள்ளையர் கடைகள் மறுத்தன. நவம்பர் 10 அன்று அலெக்ஸ் மேன்லி நடத்திய கறுப்பர் நாளிதழின் அலுவலகம் எரிக்கப்பட்டது. வேகத் துப்பாக்கி வண்டி கறுப்பர் தெருக்களில் சுற்றியது. நகர ஆட்சியாளர்களைத் துப்பாக்கி முனையில் பதவி விலக வைத்து, கலவரத்தை முன்னின்று நடத்திய ஆல்ஃபிரட் வாடெல் அன்றே மேயரானார். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதற்கு இன்றுவரை உறுதியான கணக்கில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

ஆக, மிக வேகமாகச் சுடும் ஆயுதம் ஆதிக்கம் செய்பவர் கையில் இருந்தபோது அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. கும்பல்கள் வெள்ளையர் நகரங்களின் தெருக்களில் அதைத் தூக்கிய பிறகுதான் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது.

அந்தச் சட்டம் அமலான விதத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தனி நபர் விண்ணப்பிக்கும்போது ஊர்க் காவல் தலைமையின் கையெழுத்து வேண்டும் என்ற விதி 2016 வரை இருந்தது. அவர் மறுத்தால் அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வழக்கறிஞர் வைத்து ஓர் அறக்கட்டளையோ நிறுவனமோ தொடங்கி அதன் பெயரில் வாங்கினால் அந்தக் கையெழுத்தும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். பணம் இருந்தவர்களுக்குப் பக்கத்து வாசல் திறந்திருந்தது. 2016-இல் அந்த வாசலை மூடினார்கள். கையெழுத்து என்பது தகவல் தெரிவித்தால் போதும் என்று மாறியது.

அதிகாரியின் விருப்பம் என்றால் என்ன என்று தெரிய இன்னொரு சம்பவம். அலபாமாவின் மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்த 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அவர் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இருப்பதை நிரூபிக்க அவரைவிடப் பொருத்தமான விண்ணப்பதாரர் அன்று அந்த மாநிலத்தில் இருந்திருப்பாரா? 1967-இல் கலிபோர்னியாவில், சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கி ஏந்திக் காவல்துறையைக் கண்காணித்தார்கள் கறுப்புச் சிறுத்தைகள். சட்டத்தையே மாற்றினார்கள். அந்த மல்ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

அதே ரீகன், குடியரசுத் தலைவராக, 1986-இல் துப்பாக்கி உரிமையாளர்களுக்குச் சாதகமான சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். அதில் வில்லியம் ஹியூஸ் என்ற உறுப்பினர் சேர்த்த திருத்தம்தான் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குப் பதிவு செய்வதை நிறுத்தியது. பழைய பதிவில் இருப்பவை சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம். எண்ணிக்கை கூடாது என்பதால் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு துப்பாக்கி பல பத்தாயிரம் டாலர். 1934-இல் ஆளை மிரட்டிய 200 டாலர் வரி இன்று சில்லறைக் காசு. இப்போது வடிகட்டுவது விலைதான்.

இதில் இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. முறையாகப் பதிவான தானியங்கித் துப்பாக்கியால் நடந்த கொலைகள் மிக மிக அரிது. பதிவேடு, சோதனை, பொறுப்பு ஆகிய மூன்றும் எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால் கட்டுப்பாடு வேலை செய்கிறது. கட்டுப்பாடே கூடாது என்று இந்த வரலாற்றைத் திரித்துப் பேசும் துப்பாக்கி ஆதரவாளர்கள் அங்கே உண்டு. நாம் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. நமது கேள்வி, விதியை யார் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பது.

இங்கேயும் அதே கேள்விதான். 1878-இல் ஆங்கிலேயர் போட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்களிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1959-இன் ஆயுதச் சட்டப்படி தானியங்கித் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம். மற்ற துப்பாக்கிகளுக்கு காவல்துறை அறிக்கையும் உரிமம் வழங்கும் அதிகாரியின் முடிவும் வேண்டும். கிராமத்தில் நிலமும் செல்வாக்கும் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அந்த அறிக்கை எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் 1995-இன் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3-ஆவது விதி முக்கியமானது. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தலித், பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களைத் தேவைப்பட்டால் ரத்து செய்யலாம். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவை என்று கருதினால் தலித், பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கலாம். விதி பொதுவாக இருந்தால் போதாது, ஊரில் இருக்கும் அதிகார ஏற்றத்தாழ்வையும் அது கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. மிசிசிப்பிச் சட்டத்தின் நேர் எதிர்ப்பக்கம் என்று இதைச் சொல்லலாம்.

துப்பாக்கி எடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எடுத்தவர்களிடமிருந்து அதை வாங்கி வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று சொல்லவே எழுதுகிறேன். உங்கள் மாவட்டத்தில் 3-ஆவது விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன, எந்தெந்த ஊர்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் இந்தக் கேள்வியை எழுப்பச் செய்யுங்கள். பதில் வந்தால் அதை எல்லோருக்கும் காட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.