மோலி (படைவீரர் சுமைத் தொகுதி)

மோலி என்பது ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையினர் தோட்டா, தண்ணீர், மருந்து, உணவு முதலியவற்றை உடலில் சுமந்து செல்லப் பயன்படுத்தும் பைகள், வார்கள், மேலங்கி ஆகியவற்றின் தொகுதி ஆகும். மாடுலர் லைட்வெயிட் லோட்-கேரியிங் எக்குவிப்மென்ட் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. வீரர் தமது பணிக்கு ஏற்பப் பைகளை வேண்டிய இடத்தில் மாட்டவும் கழற்றவும் இயலும் என்பதே இதன் முதன்மைச் சிறப்பு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் நகரில் உள்ள படைத்துறை ஆய்வு மையம் இதை உருவாக்கியது. 1997 இல் அறிமுகமான இத்தொகுதி, 2001 க்குப் பின் ஆப்கானித்தான், ஈராக் போர்களின்போது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

முந்தைய தொகுதிகள்

1956 ஆம் ஆண்டுத் தொகுதி பருத்திக் கித்தானால் ஆனது. இடைவாரையும் தோள்வார்களையும் கொண்ட இதில் தோட்டாப் பைகள், தண்ணீர்க் குடுவை, மண்வெட்டி ஆகியன இடைவாரில் உலோகக் கவ்விகளால் பொருத்தப்பட்டன. பருத்தித் துணி மழையில் நீரை உறிஞ்சிக் கனத்தது. உலர நெடுநேரம் ஆனது. வியட்நாமின் ஈரக் காடுகளில் இக்குறை பெரிதாக உணரப்பட்டதால், 1967 இல் நைலானால் ஆன தொகுதி வடிவமைக்கப்பட்டது.

1973 சனவரியில் ஆலிஸ் எனப்படும் தொகுதி ஏற்கப்பட்டது. இதுவும் நைலானால் ஆனது. போரிடும்போது தேவைப்படும் பொருட்கள் இடைவாரிலும், தங்குவதற்கும் உண்பதற்கும் தேவையானவை முதுகுப்பையிலும் எனச் சுமை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதுகுப்பையைத் தாங்க அலுமினியச் சட்டம் இருந்தது. ஆயினும் பைகளை மாட்டும் இடம் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றியே அமைந்தது.

1988 இல் அறிமுகமான அடுத்த தொகுதியில் தோட்டாப் பைகள் மேலங்கியோடு சேர்த்தே தைக்கப்பட்டன. இதனால் சுமை மார்புக்கும் தோளுக்கும் பரவியது. ஆனால் தைக்கப்பட்ட பையை இடம் மாற்ற இயலாது. துப்பாக்கி வீரர், இயந்திரத் துப்பாக்கி இயக்குபவர், மருத்துவ உதவியாளர் ஆகியோரின் தேவைகள் வேறுபட்டவை. எனவே, ஒரே அடித்தளத்தில் வெவ்வேறு பைகளை மாட்டும் முறை தேவைப்பட்டது.

பொருத்தும் முறை

மோலியின் அடிப்படை பால்ஸ் எனப்படும் ஏணி போன்ற வார் அமைப்பு ஆகும். மேலங்கியின் மீது 1 அங்குலம் (25 மி.மீ.) அகலமுள்ள நைலான் வார்கள் கிடைமட்டமாக, ஒன்றுக்கொன்று 1 அங்குல இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு வாரும் 1.5 அங்குலத்துக்கு (38 மி.மீ.) ஒருமுறை துணியோடு தைக்கப்படுகிறது. இதனால் வரிசையாகச் சிறு கண்ணிகள் உருவாகின்றன.

பையின் பின்புறத்திலும் இதே அளவிலான கிடைமட்ட வார்கள் உள்ளன. பையிலிருந்து தொங்கும் செங்குத்து வாரை முதலில் மேலங்கியின் கண்ணியிலும், பின்னர் பையின் கண்ணியிலும் என மாறி மாறி நுழைத்து, இறுதியில் அழுத்துப் பொத்தானால் பூட்ட வேண்டும். பாய் முடைவது போன்ற இப்பின்னலால் பையின் எடை பல கண்ணிகளுக்குப் பகிரப்படுகிறது. ஓடும்போது பை ஆடுவதும் குறைகிறது. அளவுகள் பொதுவானவை என்பதால் ஒருவர் தயாரித்த பை மற்றொருவர் தயாரித்த மேலங்கியிலும் பொருந்தும்.

குறைகளும் திருத்தங்களும்

முதல் வடிவத்தில் முதுகுப்பையின் நெகிழிச் சட்டம் பந்துக்கிண்ண மூட்டு ஒன்றின் மூலம் இடைவாரோடு இணைக்கப்பட்டது. பையை விரைந்து கழற்ற இது உதவும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மீண்டும் மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் உள்ள மூட்டைப் பொருத்துவது கடினமாக இருந்ததால், இம்மூட்டு பின்னர் கைவிடப்பட்டது. சட்டம் உடைவதாகவும், நிறைந்த பையின் பற்பிணை பிளப்பதாகவும் முறையீடுகள் எழுந்தன. அமெரிக்க ஈரூடகப் படை 2000களின் நடுப்பகுதியில் வேறொரு முதுகுப்பைக்கு மாறியது. எனினும் பைகளைப் பொருத்தும் பால்ஸ் முறையை அப்படையும் தொடர்ந்தது.

குண்டு துளைக்காத மேலங்கிகளிலும் பால்ஸ் வார்கள் தைக்கப்பட்டதால், தனியாக ஒரு சுமை மேலங்கி அணியாமல் கவசத்தின் மீதே பைகளை மாட்ட முடிந்தது.

சுமையின் எடை

அமெரிக்கத் தரைப்படையின் 1990 ஆம் ஆண்டுக் கையேடு, போரிடும்போது சுமக்கும் எடை 48 பவுண்டையும் (22 கி.கி.), நடைப்பயணச் சுமை 72 பவுண்டையும் (33 கி.கி.) தாண்டக்கூடாது எனப் பரிந்துரைத்தது. 2003 இல் ஆப்கானித்தானில் 82 ஆவது வான்குடைப் பிரிவு வீரர்களின் சுமை களத்திலேயே எடை போடப்பட்டது. போர்ச்சுமை சராசரியாக 63 பவுண்டு (29 கி.கி.), நடைப்பயணச் சுமை 101 பவுண்டு (46 கி.கி.) எனக் கண்டறியப்பட்டது. மேலும் கடினமான நெடும் பயணங்களில் இது 132 பவுண்டை (60 கி.கி.) எட்டியது.

கவசத் தகடுகள், மின்கலங்கள், இரவுநோக்கிகள், தோட்டாக்கள் ஆகியனவே இவ்வெடைக்கு முதன்மைக் காரணங்கள். மோலி சுமையை உடலில் பரப்புகிறதே தவிர, சுமக்கப்படும் பொருட்களின் எடையைக் குறைப்பதில்லை. மாட்டுவதற்கு இடம் மிகுதியாக இருப்பது மேலும் பொருட்களை மாட்டவும் வழிசெய்கிறது. மிகுசுமை முதுகு, முழங்கால் காயங்களுக்குக் காரணமாவதோடு, தாக்குதலின்போது ஓடி மறைவிடம் சேரும் வேகத்தையும் குறைக்கிறது. எனவே எதை விட்டுச்செல்வது எனத் தீர்மானிப்பது படைப்பிரிவுத் தலைவரின் பொறுப்பாகவே உள்ளது.

பிற பயன்பாடுகள்

பால்ஸ் முறை பிரித்தானியா உள்ளிட்ட பல நாட்டுப் படைகளின் கவச மேலங்கிகளில் பயன்படுத்தப்படுகிறது. காவல்துறையினர், அவசர மருத்துவ உதவியாளர்கள், மலையேறுவோர் ஆகியோருக்கான பைகளிலும் இதைக் காணலாம். வார்களைத் தைப்பதற்கு மாற்றாக, உறுதியான துணியில் சீரொளியால் கண்ணிகளை வெட்டும் முறையும் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. இது மேலங்கியின் எடையைக் குறைக்கிறது.