நாடகம் யாருடையது?

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். அதுவரை சாட்டியில் நாம் தொடர்நாடகங்களை வானொலியிலேயே கேட்டோம். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ கேட்கக் காத்திருந்தோம். அவ்வெழுத்து யாருடைய உடைமை என்று நாம் கேட்டதில்லை.

சிக்காகோவில் ஒரு பெண் கேட்டார். ஆசிரியப் பணியைவிட்டு வானொலிக்கு வந்த இர்னா பிலிப்ஸ் 1930இல் ‘பெயின்டட் டிரீம்ஸ்’ தொடரை எழுதினார். எழுதியவர் அவர், உடைமை தனதென்றது நிலையம். வழக்காடினார், தோற்றார். கூலி வாங்கியவருக்குக் கதையில் பங்கில்லையாம்! நம் வயற்காட்டுக் கணக்கும் இதுதானே? அதன்பின் எழுதிய தொடர்களைத் தம் உடைமையாகவே வைத்துக்கொண்டார். சவர்க்கார வியாபாரிகளின் பணத்தில் இவ்வகை நாடகம் செழித்த காலம் அது.

1949 ஜனவரி 31இல் அவருடைய பகல்நேரத் தொடரொன்று கறுப்பு வெள்ளைத் திரைக்கு வந்தது. நாளொன்றுக்கு 15 நிமிடம், நேரடி ஒளிபரப்பு. சில வாரங்களே நீடித்தது. அதற்கு அவர் இட்ட பெயர், ‘இவர்கள் என் பிள்ளைகள்’.