சித்தாளும் கொத்தனாரும்: திருத்துறைப்பூண்டி வட்டாரக் கட்டுமானத் தொழிலில் பெண்களின் திறன்நிலை

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் வீடு எழும் இடங்களில் எல்லாம் பெண்கள் இருக்கிறார்கள். மணல் சலிப்பதும், கல் சுமப்பதும், கலவை போடுவதும், சட்டி எடுத்துக் கொடுப்பதும், எழுந்த சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் வேலை. கரண்டி பிடித்துச் சுவர் கட்டும் பெண்ணைக் காண்பது அரிது. பதினைந்து, இருபது ஆண்டுகள் தொழிலில் இருந்தவரும் முதல் நாள் வந்தபோது இருந்த சித்தாளாகவே வேலையை விட்டுப் போகிறார். அவருடன் அதே ஆண்டில் கையாளாகச் சேர்ந்த இளைஞர் ஐந்தாறு ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, எதனால் நிலைக்கிறது, எந்த வழியில் மாறக்கூடும் என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். பெண்களுக்கு ஆர்வமோ உடல்வலுவோ குறைவு என்பது தடையன்று; வேலையைக் கற்கும் இடமும் வேலையைக் கொடுக்கும் முறையும் அவர்களுக்கு மூடியிருப்பதே தடை என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

திருத்துறைப்பூண்டி காவிரிப் பாசனத்தின் கடைமடை. முள்ளியாறு ஊரின் ஊடே ஓடினாலும், மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்த ஆண்டுகளில்கூட இங்குள்ள வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதனால் குறுவை இங்கு உறுதியற்றது; சம்பாவே பெரும்பாலான குடும்பங்களின் நம்பிக்கை. நிலமற்ற பெண்களின் வருமானம் நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை என்ற நான்கையும் சார்ந்திருந்தது. நேரடி விதைப்பு நாற்றுப் பறிப்பையும் நடவையும் குறைத்தது. களைக்கொல்லி களையெடுப்பைக் குறைத்தது. அறுவடை எந்திரம் கதிர் அறுப்பு, கட்டுச் சுமப்பு, களத்தடிப்பு மூன்றையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. வயலில் வேலை சுருங்கச் சுருங்க, பெண்கள் நூறுநாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் நகர்ந்தார்கள். தமிழ்நாட்டின் நூறுநாள் வேலை மனித நாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையதாக இருந்து வந்தது. 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, ஊரிலிருந்து நகரத்துக் கட்டடங்களுக்குப் போய்வரும் செலவும் குறைந்தது.

ஆண்களின் நகர்வு வேறு திசையில் நடந்தது. கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத் திருப்பூரும் சென்னையும் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் திறந்திருந்தன. உள்ளூரில் கொத்தனார் தட்டுப்பாடு பேசப்படுவதும், வடமாநிலத் தொழிலாளர் வந்து சேர்வதும் இதன் விளைவு. தொழிலுக்குத் தேவையான ஆள்கள் கட்டடத்துக்குள்ளேயே, தலையில் சும்மாடு கட்டியபடி நிற்கும்போது, ஆள் இல்லை என்ற பேச்சு எழுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

பெண்ணுக்கு இந்த வேலை கனமானது என்பது எங்கும் முதலில் சொல்லப்படும் காரணம். கட்டுவேலையை அருகில் நின்று பார்த்தால் இக்காரணம் நிற்பதில்லை. ஒரு நாட்டுச் செங்கல் ஏறத்தாழ 3 கிலோ. எட்டு முதல் பத்துக் கல்லை அடுக்கித் தலையில் ஏற்றினால் 25 முதல் 30 கிலோ. அந்தச் சுமையுடன் சித்தாள் சாரத்தருகே வந்து நிற்கிறார்; மாடிவேலை என்றால் கைப்பிடி இல்லாத படிகளில் ஏறுகிறார். கொத்தனார் ஒரு நேரத்தில் கையில் எடுப்பது ஒரு கல்லும் ஒரு கரண்டிக் கலவையும். நூல் பிடித்தல், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தல், மூலைமட்டம் வைத்தல், ரசமட்டத்தில் குமிழி நடுவே நிற்கிறதா என்று நோக்குதல், மட்டப்பலகையால் பூச்சை இழுத்தல் ஆகியவை கண்ணையும் கைநிதானத்தையும் கேட்பவை. கட்டடத்தில் மிகக் கனமான வேலைகளுள் ஒன்று பெண்ணிடம் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் கூலியோ மிகக் குறைவு. சித்தாள் கூலி பெரும்பாலும் கொத்தனார் கூலியின் பாதியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ நிற்கிறது.

அப்படியானால் திறன் எப்படிக் கைமாறுகிறது? பள்ளியிலோ பட்டறையிலோ அன்று, சுவரின் மேலேயே. கொத்தனார் முதலில் இரு மூலைகளையும் தூக்குப் பார்த்து எழுப்புகிறார். மூலைக்கு மூலை நூல் கட்டப்படுகிறது. இடையில் உள்ள வரிசைகளை நிரப்புவது நூலை ஒட்டிக் கல் வைக்கும் வேலை. பிழை வந்தாலும் நூல் உடனே காட்டிக்கொடுக்கும். இந்த இடைநிரப்பில்தான் கையாள் பழகுகிறான். கொத்தனார் தேநீருக்கு இறங்கும்போது கரண்டி அவன் கைக்குப் போகிறது. அவன் வைத்த கல் நூலைத் தள்ளினால் கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டிச் சரிசெய்கிறார். பிறகு மூலை பிடிக்கவும், பூச்சுக்குப் புள்ளி வைக்கவும், படிக்கட்டுக்குக் கணக்குப் போடவும் விடுகிறார். இதே இடைவேளையில் சித்தாள் அடுத்த கலவைக்கு மணல் அளந்துகொண்டிருக்கிறார். அல்லது தேநீர் வாங்கப் போயிருக்கிறார். ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு நான்கு என்ற கலவை விகிதங்கள் அவருக்கு மனப்பாடம். கலவையின் இறுக்கம் அவர் கைக்குத் தெரியும். நனைத்த கல் எது, நனையாத கல் எது என்று தொட்டுச் சொல்வார். கொத்துவேலைக்கு வேண்டிய அறிவின் ஒரு பாதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மறுபாதி, யாருக்குக் கரண்டி நீட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அது பெரும்பாலும் மகனுக்கும் மருமகனுக்கும் சொந்தக்காரப் பையனுக்கும் நீட்டப்படுகிறது.

வீட்டுக்காரரின் நம்பிக்கையும் இதில் சேர்கிறது. நிலை வைக்கும் நாளில் மஞ்சள் குங்குமமிட்டுப் பூசை செய்து, கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வது இப்பகுதி வழக்கம். தொழிலின் மதிப்பு அந்தத் தட்டில் பொதுவில் அறிவிக்கப்படுகிறது. அந்தத் தட்டு ஒரு பெண்ணின் முன் நீட்டப்படும் காட்சி பெரும்பாலோர் நினைவில் இல்லை. சித்தாள்களில் பலர் நிலமற்ற தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், இந்த விலக்கம் பால் சார்ந்தது மட்டுமன்று. சாதியும் அதனுள் இருக்கிறது.

சட்டங்கள் இந்தப் பிரிவினையைத் தொடவில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. பெண் கொத்தனாரே இல்லாத இடத்தில் ஒப்பிட ஆளில்லை. கூலி வேறுபாடு தரப்பிரிவுக்குள் ஒளிந்துகொள்கிறது. தொழிற்சங்கங்களின் போராட்டத்தால் தமிழ்நாடு பல மாநிலங்களுக்கு முன்னே நடந்தது உண்மை. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்தன. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985இல் அமைந்த தேசியப் பிரச்சாரக் குழுவும், அதில் முன்நின்ற ஆர். கீதா போன்ற தமிழகச் சங்கத் தலைவர்களும் இல்லாமல் 1996ஆம் ஆண்டின் மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்திருக்காது. ஓய்வூதியம், விபத்து உதவி, மகப்பேறு உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவை இச்சட்டங்களாலும் வாரியத்தாலும் கிடைத்தன. இவை பெறற்கரிய பயன்கள். எனினும் அவை சித்தாளைச் சித்தாளாகவே காப்பவை, கொத்தனாராக்குபவை அல்ல.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் குழந்தைக் காப்பக விதி இதற்குத் தெளிவான சான்று. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது அந்த விதி. திருத்துறைப்பூண்டியில் ஒரு வீட்டு வேலையில் இருக்கும் பெண்கள் இருவர், மூவர். பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடங்களும், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டுக் கட்டுமானமும் அச்சட்டத்தின் வரம்புக்கே வெளியில் இருந்தன. பெருநகரக் கட்டுமானத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி கடைமடை ஊருக்குப் பயன்படவில்லை. கட்டட வேலை மாலை ஐந்தரை, ஆறு வரை நீள்கிறது. அங்கன்வாடி அதற்கு முன்பே மூடிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்துக்குக் குழந்தையைப் பார்க்க ஆளில்லாத பெண், பயிற்சிக்காகக் கூடுதலாக ஒரு மணி நேரமும் தங்க முடியாது.

பயிற்சி கொடுத்தால் பெண்கள் கொத்தனாராகிறார்களா என்பதற்கு அண்டை மாநிலத்தில் விடை உண்டு. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் 1989 முதல் கழிப்பறை கட்டுவதற்காகப் பெண்களுக்குக் கொத்துவேலை கற்பிக்கப்பட்டது. அவர்கள் ஜீவபூர்ணா என்ற பெயரில் சங்கமாகி ஒப்பந்தங்கள் எடுத்தார்கள். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் பயிற்சி பெற்று ‘ராணி மிஸ்திரி’ என்று அழைக்கப்பட்டனர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1983இல் தொடங்கிய பெண்கள் கட்டுமானக் கூட்டமைப்பு, வேலையற்ற ஏழைப் பெண்களைக் கொத்துவேலைக்கும் தச்சுவேலைக்கும் கொண்டுவந்தது. மூன்றிலும் பயிற்சியோடு வேலையும் சேர்ந்து வந்தது. கேரளத்திலும் ஜார்க்கண்டிலும் கட்டவேண்டிய கழிப்பறைகளின் பட்டியலை அரசுத் திட்டமே வைத்திருந்தது.

திருச்சிராப்பள்ளியைக் களமாகக் கொண்டு அனெட் பர்னபாஸும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பல ஆண்டு அனுபவமுள்ள பெண்களும் திறன்சாராத் தொழிலாளராகவே நிற்பதையும், அவர்களைக் கொத்தனாராக உயர்த்துவதற்கான வாய்ப்பையும் ஆராய்ந்தது. தமிழ்நாட்டில் இக்கேள்வி புதிதன்று. ஆனால் வேலை சேராமல், சான்றிதழ் வழங்கும் விழாவோடு முடிந்துபோகும் பயிற்சிகளால் பயனில்லை. சான்றிதழ் பெற்ற பெண் மறுநாள் அதே மேஸ்திரியிடம் அதே சட்டியைச் சுமக்கத் திரும்புகிறார். இலக்கை மட்டும் அறிவித்துக் கண்காணிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 1978இல் அங்கு மத்திய அரசின் கட்டுமான ஒப்பந்தங்களில் வேலை நேரத்தில் 6.9 சதவீதம் பெண்களுக்கு என்று குறிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கட்டுமானக் கைத்தொழில்களில் பெண்கள் ஏறத்தாழ 4 சதவீதமே.

திருத்துறைப்பூண்டிக்கு இப்போது சாதகமாக இருப்பது சிறுவீட்டுக் கட்டுமானம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இவ்வட்டாரத்தின் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் பட்ட பாடு, கான்கிரீட் வீட்டின் தேவையை யாரும் எடுத்துச் சொல்லாமலே உணர்த்தியது. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தோடு, 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் ஊராட்சிதோறும் வீடுகளை எழுப்புகிறது. பின்னதில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி, அரசு தரும் தொகை 3.5 லட்சம் ரூபாய். இந்த அளவு வீடு கற்பதற்கு மிகப் பொருத்தமானது. அடித்தளம், கட்டுவேலை, லின்டல், தளம், பூச்சு, தரை எல்லாம் அதில் உண்டு. எதுவும் அளவு மீறியதில்லை. ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் கொத்தனார் பயிற்சி 45 நாள்கள், உண்மையான ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே நடப்பது. ஊராட்சி ஒன்றியம் தன் பட்டியலில் உள்ள வீடுகளில் ஒரு பங்கை, பயனாளியின் இசைவோடு, பெண்கள் குழுவிடம் ஒப்படைத்தால் பயிற்சியும் வேலையும் ஒன்றாகிவிடும். களிமண் பூமியில் அடித்தளம் போடுவது தனித் திறமை; கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண்ணை அறிந்த மூத்த கொத்தனார் ஒருவர் ஒவ்வொரு குழுவுடனும் கூலி பெற்றுக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்குக் கற்பித்தலுக்கென்று தனியாகக் கூலி கொடுக்காவிட்டால், அவர் தன் வேலைக்குப் போட்டியாளரை உருவாக்க முன்வரமாட்டார்.

குழு அமைப்பு இப்பகுதிப் பெண்களுக்குப் புதியதன்று. நடவுக்குப் பெண்கள் குழுவாகவே போகிறார்கள். மாவுக்கு இவ்வளவு என்று பேசி, எத்தனை ஆள் வேண்டும் என்று கணித்து, பொழுது சாயுமுன் முடித்து, கூலியை வாங்கிப் பகிர்வது வரை அவர்களுள் ஒருவரே முன்னின்று நடத்துகிறார். சதுர அடிக்குப் பேசும் கட்டட ஒப்பந்தமும் இதே கணக்குத்தான். பருவமும் ஒத்துவருகிறது: தை, மாசியில் அறுவடை முடிந்த பின் ஆனி வரை வயலில் வேலை குறைவு, வீடு கட்டுவோர் தேடும் உலர்ந்த மாதங்களும் அவையே.

நிலமும் வீடும் பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும் என்ற கொள்கையைக் கீழத்தஞ்சையில் செயல்படுத்திக் காட்டியவர்கள் கிருஷ்ணம்மாளும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். 1968இன் கீழவெண்மணிப் படுகொலைக்குப் பின் இப்பகுதிக்கு வந்து, 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் கட்டியது. தச்சு, கொத்து, குழாய் வேலைகளுக்குப் பயிற்சியும் அளித்தது. வீட்டுக்கு உரிமையாளராகப் பெண் இருக்கலாம் என்பதை இவ்வட்டாரம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகளாகின்றன. அவ்வீட்டைக் கட்டுபவராகவும் பெண் இருப்பதை ஏற்பது அதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

கொத்துவேலைக்கு அப்பால் ஓடு பதித்தல், வண்ணம் பூசுதல், குழாய்வேலை, மின்வேலை ஆகியவை உண்டு. ஓடு பதிப்பும் வண்ணமும் குறைந்த காலத்தில் கற்கக்கூடியவை, கூலியும் நன்று. மின்வேலையில் சிக்கல் வேறு வகை. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதித் தேர்வு எழுத 21 வயதும் ஐந்தாண்டுச் செயல்முறை அனுபவமும் கேட்கப்படுகின்றன. உடன் அழைத்துச் செல்லும் மின்பணியாளர் இல்லாத பெண்ணுக்கு அந்த ஐந்தாண்டு தொடங்குவதே இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த பெண்களை ஒப்பந்தக்காரர்கள் உதவியாளராகச் சேர்த்துக்கொள்ள, அரசுக் கட்டட ஒப்பந்தங்களில் நிபந்தனை வைப்பதே இதற்கு நேரான வழி.

காலம் அதிகம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தளம் போடும் நாளில் முப்பது, நாற்பது பேர் வரிசையாக நின்று சட்டி மாற்றிய வேலையை இன்று லிஃப்ட் வைத்த கலவை எந்திரம் சில ஆட்களோடு முடிக்கிறது. நகரங்களில் ஆயத்தக் கலவை வண்டி வந்து குழாயில் கான்கிரீட்டை மேலேற்றுகிறது. செங்கல்லின் இடத்தில் வரும் பெரிய கற்களுக்குக் கலவையும் குறைவு, சுமக்கும் நடையும் குறைவு. வயலில் எந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது பெண்களின் வேலையை. கட்டடத்திலும் முதலில் எடுத்துக்கொள்வது தலைச்சுமையையே. சுவர் எழுப்புதலும் பூச்சும் ஓடு பதித்தலும் இன்னும் கைவேலைகளாகவே நீடிக்கின்றன. நலவாரியப் பதிவைப் புதுப்பிக்கும்போது சித்தாள் என்ற பிரிவிலிருந்து கொத்தனார் பிரிவுக்கு மாற விரும்பும் பெண்ணுக்குச் செயல்முறைத் தேர்வு வைத்து, தேறியவருக்குக் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை அடங்கிய கருவித் தொகுதியை வாரிய நிதியிலிருந்தே தருவது, ஒன்றிய அளவில் உடனே தொடங்கக்கூடிய வேலை.