மூணு தலைமுறையும் ஒரே டீம்: யாழ்ப்பாணத்து பிக் மேட்ச் கதை

முதல்ல ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர்ல "காலேஜ்"னா பிளஸ் டூ முடிச்சுட்டு மூணு வருஷம், என்ஜினியரிங்னா நாலு வருஷம். அரியர் இருந்தா கூட ஒண்ணு ரெண்டு :-). இலங்கையில அப்படி இல்லீங்க. அங்க கல்லூரின்னு பேர் வச்சிருக்கறதுல பெரும்பாலானது பள்ளிக்கூடம். ஆறு வயசுல கையைப் புடிச்சு கொண்டு போய் விட்டா பையன் மீசை முளைச்சு பத்தொன்பது வயசுல தான் வெளிய வருவான். பதிமூணு வருஷம் ஒரே கட்டடம், ஒரே கொடி, ஒரே மைதானம். அப்பா படிச்ச அதே பெஞ்சு. சில வீடுகள்ல தாத்தா படிச்சதும்.

இதைப் புரிஞ்சுக்கலைன்னா யாழ்ப்பாணத்துக்காரங்க கல்லூரி டீம் மேல வச்சிருக்கற வெறி நமக்குப் புரியவே புரியாது.

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. 1869ல ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்த ஆட்டம் தான் முதல்னு சொல்வாங்க. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து மைதானத்துல 1962லிருந்து ஒரு ஹோம் மேட்ச்சுக்குக்கூட டிக்கெட் மிஞ்சினதில்லைன்னு அவங்க கணக்கு வச்சிருக்காங்க. சீசன் டிக்கெட்டை சொத்து மாதிரி பிள்ளைக்கு மாத்திக் குடுக்கற குடும்பங்கள் அங்க உண்டு. இதுல நமக்கும் ஒரு பங்கு இருக்குங்க. 1875லிருந்து ஹார்வர்டோட மோதுற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் குடுத்த எலிஹு யேல், 1687லிருந்து 1692 வரைக்கும் சென்னை கோட்டையில கவர்னரா உக்காந்திருந்தவர். அந்தக் காலேஜுக்கு அவர் அள்ளிக் குடுத்தது சென்னையில சம்பாதிச்ச காசு. சரி, அது வேற கதை.

தமிழ் பேசற உலகத்துல இதுக்கு ஈடா என்ன இருக்குன்னு தேடினா, நான் பார்த்த வரைக்கும் ஒண்ணே ஒண்ணு தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கற கிரிக்கெட். ஃபுட்பால் இல்லை, கிரிக்கெட். 1904ல ஆரம்பிச்சது. பேப்பர்ல "வடக்கின் பெருஞ்சமர்"னு போடுவாங்க. வீட்டுல பேசறப்போ "பிக் மேட்ச்", அவ்வளவு தான்.

ரெண்டுமே மிஷனரிகள் கட்டினது. மத்திய கல்லூரி 1816ல மெதடிஸ்ட் மிஷன்காரங்க தொடங்கினது. பரியோவான் 1823ல சர்ச் மிஷனரி சொசைட்டி நல்லூர்ல தொடங்கி, அப்புறம் சுண்டிக்குளிக்கு மாத்தினது. யோவான்னா ஜான். பரி யோவான், செயின்ட் ஜான்ஸ். (இந்தத் தமிழ்ப் பேரு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

மத்திய கல்லூரியோட பழைய கதையில ஒரு பெரிய ஆள் வர்றார். ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் கிட்ட அங்க படிச்சார், அங்கயே பாடமும் சொல்லிக் குடுத்தார், பெர்சிவல் பைபிளைத் தமிழ்ல பெயர்க்கறப்போ கூட இருந்து உழைச்சார். அப்புறம் அதே மிஷனரிகளுக்கு எதிரா சைவப் பள்ளிக்கூடம் வேணும்னு 1848ல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெர்சிவல் பிற்பாடு சென்னைக்கு வந்து தினவர்த்தமானி பத்திரிகை நடத்தி, பிரசிடென்சி காலேஜ்ல பேராசிரியராவும் இருந்தார். நாவலர் வழியில வந்த சைவக்காரங்க யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைக் கட்டினாங்க. இன்னிக்கு அவங்களுக்கும் ஒரு பிக் மேட்ச் இருக்கு, கொக்குவில் இந்துவோட. பேரு "இந்துக்களின் சமர்". யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் நடக்கறது "பொன் அணிகளின் சமர்". மதம் மாத்த வந்தவங்க கொண்டு வந்த ஆட்டம், மதம் மாற மாட்டோம்னு எழுந்தவங்களுக்கும் திருவிழா ஆயிடுச்சு!

பாதிரியார்களுக்கு விளையாட்டு மேல எதுக்கு இத்தனை அக்கறை? உடம்பை உறுதியாக்கினா குணமும் உறுதியாகும்னு அந்தக் கால இங்கிலாந்து பள்ளிக்கூடங்கள்ல ஒரு நம்பிக்கை. 1805லயே ஈட்டனும் ஹாரோவும் கிரிக்கெட்ல மோதியாச்சு, ஹாரோ டீம்ல கவிஞர் பைரன் ஆடினார். அந்த நம்பிக்கையை மூட்டை கட்டிக்கிட்டு தான் கப்பல் ஏறினாங்க. இதே சர்ச் மிஷனரி சொசைட்டிக்காரர் டிண்டேல் பிஸ்கோ 1891ல ஸ்ரீநகர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபுட்பால் கொண்டு போனார். தோல்ல செஞ்ச பந்தைத் தொட மாட்டோம்னு பண்டிட் பசங்க மறுத்துட்டாங்க. அவர் விடலை, வற்புறுத்தி ஆட வச்சார். ஒரு பையன் மூஞ்சியில பந்து பட்டுடுச்சு, தீட்டாயிடுச்சுன்னு அழுகை. போய் முகம் கழுவிட்டு வந்து ஆடச் சொன்னாராம். அந்த வற்புறுத்தல் சரியா தப்பான்னு இன்னிக்கும் விவாதிக்கலாம். ஆனா காஷ்மீர்ல ஃபுட்பால் வேர் விட்டது அப்படித்தான்.

இலங்கையில இந்தப் பிக் மேட்ச் கலாச்சாரத்துக்கு மூத்த அண்ணன் கொழும்புல நடக்கற ராயல் - தோமியன். 1879ல ஆரம்பம். பப்பரே பேண்ட் வாத்தியம், கொடி கட்டின லாரி, சைக்கிள் ஊர்வலம், பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்து கேட்டுல ஏறிக் குதிக்கறது, வாத்தியார் கண்டும் காணாம இருக்கறது... எல்லாமே அந்தத் திருவிழாவோட சடங்குகள். யாழ்ப்பாணத்துலயும் அதே மாதிரி தான், மார்ச் மாசத்து வெயில்ல, மூணு நாள்.

நான் இருக்கறது போளூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். எங்க தெருவுல 80கள்ல யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்த ஒரு குடும்பம் இருக்கு. பேரெல்லாம் வேண்டாம். ஆச்சி படிச்சது சுண்டிக்குளி மகளிர் கல்லூரி, பரியோவானுக்குத் தங்கச்சி முறை. அவங்க வீட்டுக்காரர், அண்ணன் தம்பி, மகன் எல்லாருமே பரியோவான். மருமகள் மட்டும் வேம்படி. வேம்படி மெதடிஸ்ட் பள்ளிக்கூடம், அதாவது மத்திய கல்லூரிப் பக்கம். கல்யாணம் பேசறப்போ ஜாதகம் பார்த்தாங்க, ஊர் பார்த்தாங்க, எல்லாம் பொருந்திச்சு, "ஆனா பெட்டை வேம்படி"ன்னு ஆச்சி ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வச்சிருந்தாங்களாம். இதை மருமகளே சிரிச்சுக்கிட்டு எங்கிட்ட சொன்னது. மார்ச் மாசம் அந்த வீட்டுல மூணு நாளைக்கு ரெண்டு கட்சி. முன்னாடி லண்டன்லேர்ந்து ஃபோன் வரும், அப்புறம் ஃபேஸ்புக், இப்போ யூடியூப் நேரலை. டொரன்டோல ஒரு மச்சான், சிட்னில ஒரு பெறாமகன், எல்லாரும் வாட்ஸப்புல கத்துவாங்க. "எங்கட கொலிஜ்"னு ஆச்சி சொல்றப்போ அவங்க அந்த வாசலை விட்டு வந்து நாப்பது வருஷம் ஆச்சுன்னு நம்ப முடியாது.

யாழ்ப்பாணம் போகாதவங்களுக்கு அந்த மைதானம் எங்க இருக்குன்னு சொல்லணும். மத்திய கல்லூரி மைதானத்துக்கு ஒரு பக்கம் டச்சுக்காரன் கோட்டை. கூப்பிடு தூரத்துல பொது நூலகம். அந்தாண்ட துரையப்பா விளையாட்டரங்கு. இலங்கைத் தமிழரோட அம்பது வருஷ வரலாறு இந்த ஒரு சதுரத்துக்குள்ள நடந்துருக்குன்னு சொன்னா மிகையில்லை. 1974 ஜனவரி 10ஆம் தேதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுல உயிர்ச்சேதம் நடந்தது இங்க தான். 1981 மே கடைசி, ஜூன் முதல் தேதி ராத்திரி நூலகம் எரிஞ்சது இங்க தான். 1990ல கோட்டையைப் புலிகள் முற்றுகை போட்டது, குண்டு விழுந்தது எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்துல தான். அந்த மைதானத்துல தான் பசங்க வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு டாஸ் போட்டாங்க. சில வருஷங்கள் ஆட முடியலை. கொழும்புல ராயல் - தோமியன் போர்க்காலத்துலயும் தொடர்ந்து நடந்துச்சு. வடக்குல அந்த வாய்ப்பு இல்லை.

இதுல ஒருத்தர் கதையைச் சொல்லாம விட முடியாது. சி. ஈ. ஆனந்தராஜன், பரியோவான் கல்லூரி அதிபர். (அங்க ஹெட்மாஸ்டரை அதிபர்னு தான் சொல்வாங்க.) 1985 ஜூன்ல கொஞ்ச நாளைக்குப் போர்நிறுத்தம் வந்துச்சு. அந்த இடைவெளியில, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கும் இலங்கை ராணுவத்துக்கும் ஒரு நட்பு கிரிக்கெட் மேட்ச் ஏற்பாடு செஞ்சார். ஜூன் 26ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. புலிகள் தான் சுட்டதுன்னு அந்தக் காலத்தைப் பற்றி எழுதினவங்க பலர் பதிவு செஞ்சிருக்காங்க. அந்த மேட்ச் தான் காரணம்னும் சொல்றாங்க.

ராணுவம் அன்னிக்கு அந்த மண்ணுல என்ன செஞ்சுக்கிட்டு இருந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்களோட எப்படிய்யா விளையாடறதுன்னு ஒருத்தர் கோபப்பட்டா அந்தக் கோபம் புரியுது. ஆனா ஒரு வாத்தியார் மேட்ச் வச்சதுக்கு துப்பாக்கி பதில் சொல்லிச்சுன்னா, அதை எந்தக் கணக்குலயும் என்னால சேர்க்க முடியலை. தன் பசங்க பந்தும் மட்டையுமா இருக்கணும்னு நினைச்ச மனுஷன். ஆச்சி வீட்டுல இந்தப் பேச்சு வந்தா மட்டும் எல்லாரும் கொஞ்ச நேரம் மௌனமாயிடுவாங்க. அவங்க மகன் அவர் அதிபரா இருந்தப்போ படிச்சவர்.

1995 அக்டோபர் 30ஆம் தேதி ராத்திரி யாழ்ப்பாணமே காலி ஆச்சு. லட்சக்கணக்கான ஜனம் மழையில நடந்து தென்மராட்சிப் பக்கம் போச்சு. அதுல ரெண்டு கல்லூரிக் குடும்பங்களும் இருந்தாங்க. அடுத்த வருஷம் திரும்பி வந்தவங்க கொஞ்சம், வெளிநாடு போனவங்க நிறைய. ஊர் போச்சு, வீடு போச்சு, கல்லூரி மட்டும் கூடவே போச்சு. பழைய மாணவர் சங்கம்னு லண்டன்ல, டொரன்டோல, சிட்னில, கொழும்புல. பணம் சேர்த்து அனுப்பறதும் இவங்க தான், டீம் தேர்வு சரியில்லைன்னு சண்டை போடறதும் இவங்க தான். 2009க்கு அப்புறம் மார்ச் மாசத்துல லீவு போட்டுட்டு ஊருக்கு வந்து, நரைச்ச தலையில கல்லூரித் தொப்பி மாட்டிக்கிட்டு பப்பரேக்கு ஆடறதைப் பார்க்கணுமே!

நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒண்ணு வரலை? சென்னையில பச்சையப்பன், பிரசிடென்சி ரெண்டுமே 1840கள் வாக்குல தொடங்கின பழம்பெரும் கல்லூரிகள் தான். பகைக்கும் குறைவில்லை. ஆனா அது மைதானத்துல தீரலை, பஸ் ரூட்டுல போய் முட்டிச்சு. ரூட்டு தல, பஸ் டே, கல்லெறி, கேஸ். மூணு வருஷம் படிக்கற இடத்துல குடும்பப் பாசம் எங்கேர்ந்து வரும், வயசுப் பசங்க கோபம் தான் வரும். இது என் அபிப்பிராயம், மறுக்கலாம்.

எங்க ஜவ்வாது மலையில கதை இன்னும் வேற. ஜமுனாமரத்தூர் பக்கத்து பசங்கள்ல நிறைய பேருக்கு காலேஜ் வாசலை மிதிக்கறதே வீட்டுல முதல் தடவை. மலையாளி பழங்குடியில பிறந்த ஸ்ரீபதி, புலியூர்க்காரங்க, 2024ல சிவில் நீதிபதி தேர்வுல பாஸ் பண்ணாங்க. குழந்தை பிறந்து ரெண்டு நாள்ல சென்னைக்குப் போய் பரீட்சை எழுதினவங்க. இங்க தாத்தா படிச்ச பெஞ்சுன்னு ஒண்ணு கிடையாது. அவங்க பேரப்பசங்களுக்கு வேணா இருக்கும். யாழ்ப்பாணத்துல 1816லயும் 1823லயும் போட்ட விதை தானே 1904ல மேட்ச்சா முளைச்சது? தொண்ணூறு வருஷம் சும்மா இல்லீங்க.

கடைசியா ஒரு சந்தோஷமான விஷயம். மத்திய கல்லூரிப் பையன் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2001ல பிறந்த லெக் ஸ்பின்னர். 2020ல லங்கா பிரிமியர் லீக்ல யாழ்ப்பாண டீமுக்கு ஆடினான், 2024ல ஹசரங்காவுக்குப் பதிலா சன்ரைசர்ஸ் ஹைதராபாத் கூப்பிட்டாங்க. மே 8ஆம் தேதி லக்னோவோட முதல் ஐபிஎல் மேட்ச். ஹெட்டும் அபிஷேக்கும் பத்து ஓவருக்குள்ள 166 ரன் டார்கெட்டை ஊதித் தள்ளின அதே மேட்ச் தாங்க, அதனால யாருக்கும் இந்தப் பையன் நினைவுல இல்லை. நாலு ஓவர் போட்டான், விக்கெட் இல்லை, ரன்னும் அதிகம் குடுக்கலை.

அன்னிக்கு ஆச்சி வீட்டுல தான் மேட்ச் பார்த்தேன். மருமகளுக்குத் தரையில கால் நிக்கலை. ஒவ்வொரு பந்துக்கும் "எங்கட சென்ரல் பொடியன்"னு ஒரே சத்தம். ஆச்சி கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு நாலு ஓவரும் கண் கொட்டாம பார்த்தாங்க, ஒரு வார்த்தை பேசலை. ஓவர் முடிஞ்சு விளம்பரம் வந்தப்புறம் தான் வாயைத் தொறந்தாங்க.

"நல்லாத்தான் போடுறான். பரியோவானுக்கு வந்திருந்தா இன்னும் நல்லாப் போட்டிருப்பான்."