வடக்குப் பாதை: ஒரு நெடும்பயணத்தின் கணக்கு

நெடுவழி செல்லப் புறப்படுபவன் முதலிற் சில கணக்குகளைப் போடுகிறான். எந்த வழி, எத்தனை நாள், எங்கே தண்ணீர், எங்கே இராத்தங்கல், நோய் கண்டால் யார் துணை, செலவு எவ்வளவு என்பனவே அவை. கடல் கடந்து வேற்று நாட்டுக்குச் செல்வதாயின் கணக்கு இன்னும் நீளும். தன் பயணத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு எக்காலத்தும் இருந்ததென நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆனால், பிறர் போட்ட கணக்கின்படி நடந்து, அக்கணக்கின் பிழைகளுக்குத் தம் உயிரை விலையாகக் கொடுத்த மக்கட் கூட்டங்களும் வரலாற்றில் உண்டு. அத்தகைய கூட்டமொன்று நடந்த வழி நமது நாட்டின் நடுவே கிடக்கிறது. அதற்கு வடக்குப் பாதை என்று பெயர்.

தலைமன்னார், பேசாலை, மன்னார், முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. இவ்வூர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய 150 மைல் நீளமான ஒரு வழி கண்முன் விரியும். இன்று பேருந்தில் சில மணி நேரத்தில் முடியும் இவ்வழியை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கான தமிழகத் தொழிலாளர் கால்நடையாகவே கடந்தனர்.

அவர்கள் ஏன் நடந்தனர்? கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை தலைகாட்டியது. 1840களில் அது பெரும் மூலதன வேட்டையாக மாறியது. காடுகள் அழிக்கப்பட்டன, நிலங்கள் மலிவான விலைக்குத் துரைமார் கைக்குச் சென்றன. ஆனால் நிலம் தானே விளைந்துவிடாது, கைகள் வேண்டும். சொந்த வயலும் சேனையும் உடைய சிங்களக் குடியானவன், அற்பக் கூலிக்காகத் தோட்டத்தில் அடைபட மறுத்தான். அம்மறுப்பைச் சோம்பல் எனத் துரைமார் எழுதி வைத்தனர். இன்றும் சில பாடநூல்களில் அதன் எதிரொலியைக் கேட்கிறோம். தன் நிலத்தில் தனக்காக உழைக்கக்கூடியவன் பிறன் நிலத்தில் அடிமைபோல் உழைக்க மறுப்பது சோம்பலாகுமா என்பதை நம் மாணவர் சிந்திக்க வேண்டும்.

மறுகரையில் நிலைமை வேறு. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளின் நிலமற்ற உழவர், அவருள்ளும் தாழ்த்தப்பட்ட சாதியினரான பண்ணையாட்கள், பசிக்கும் கடனுக்கும் இடையே வாழ்ந்தனர். வரட்சி வந்தால் மாண்டனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சக் காலத்தில் இப்பாதையில் வந்தோர் தொகை பெருகியதிற் புதுமையில்லை. நிலமுள்ளவனை அசைக்க இயலாத மூலதனம், நிலமற்றவனைக் கடல் கடந்தும் இழுத்துவந்தது.

இப்பயணத்தைத் திட்டமிட்டவர் யார்? தோட்டத்துரை ஒரு பருவத்தை மட்டுமே கணக்கிட்டான். கோப்பிப்பழம் கனியும் மாதங்களில் ஆட்கள் வேண்டும். பறித்து முடிந்தபின் அவர்கள் இருந்தாலும் சரி, திரும்பினாலும் சரி. கங்காணி மற்றொரு கணக்கை வைத்திருந்தான். துரையிடம் முற்பணம் பெற்று ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி, வழிச்செலவை அவரவர் பெயரில் கடனாக எழுதினான். ஓர் ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே, தொழிலாளி இலங்கைக் கரையில் அடி வைக்கும்போதே கடன்காரனாகத்தான் அடி வைத்தான். தன்னை வருத்திய பயணத்துக்குத் தானே கட்டணம் செலுத்தினான்.

அரசாங்கத்தின் கணக்கோ இன்னும் விந்தையானது. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறியவர்களுக்கு, பெயரளவிலேனும் ஒப்பந்தமும் வைத்தியப் பரிசோதனையும் சில சட்டங்களும் இருந்தன. இலங்கையோ அண்டை நாடு. தோணியில் ஓரிரவுப் பயணம். இந்தியத் தொழிலாளர் வெளிநாடு செல்வதற்கிருந்த தடையினின்று 1847இல் இலங்கைக்கு விலக்களிக்கப்பட்டது. தூரம் குறைவு என்பதனாற் பாதுகாப்பும் தேவையில்லை எனத் தீர்க்கப்பட்டது போலும்! கடல் குறுகியதுதான், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 18 மைல். ஆனால் கடலுக்கு அப்பால் காடு கிடந்தது.

அக்காட்டைக் கடந்தோர் தமக்கென ஒரு திட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்டனர். இதனை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் காண்பதில்லை. தனித்து நடந்தவன் பிழைப்பது அரிது. ஆதலின் ஊராகவும் உறவாகவும் கூடி நடந்தனர். அரிசியும் சட்டிபானையும் தலைச்சுமையாயின. பண்டைய குளங்களின் கரைகள் தங்குமிடங்களாயின. யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சி இரவில் தீ மூட்டினர். முதற் காலத்தில் ஆண்களே பெரும்பான்மையாக வந்தனர். பின்னர் பெண்களும் கைக்குழந்தைகளும் அவ்வழி நடந்தனர். முன்சென்றவன் கண்ட நீர்நிலையைப் பின்வருபவனுக்குச் சொல்வதே அவர்களது வழிகாட்டி நூல்.

ஆனால் மனிதரின் கூட்டுறவு மட்டும் வாந்திபேதியைத் தடுத்துவிடாது. வரண்ட மாதங்களிற் குளங்கள் சேறாயின. அந்நீரையே குடித்தவர்கள் வழியில் வீழ்ந்தனர். மலேரியாவும் வைசூரியும் எஞ்சியோரைத் தாக்கின. நடக்கமாட்டாதவனைக் கூட்டம் விட்டுச்செல்ல நேர்ந்தது. நின்றால் எல்லோருக்கும் அரிசி தீர்ந்துவிடும். எத்தனை பேர் இறந்தனர்? 1840களில் வந்தோரில் நாலிலொரு பங்கினர், ஏறக்குறைய 70,000 பேர், மாண்டனரென 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இது மிகையான தொகை என வாதிடுவோர் உளர். வந்தோரையும் மீண்டோரையும் செம்மையாக எண்ணாத காலத்தில் இவ்வாதம் முடிவுறாது. நாம் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. கொழும்புத் துறையில் எத்தனை அந்தர் கோப்பி ஏற்றப்பட்டது என்பது ஆண்டுதோறும் பதிவாயிற்று, அதில் வாதமில்லை. அதனைப் பறிக்க வந்து இறந்தவர் தொகையில் மட்டுமே வாதம் இருக்கிறது. எதனை எண்ண வேண்டும், எதனை எண்ண வேண்டாம் என்பதையும் வர்க்க நலனே தீர்மானிக்கிறது.

இரு பாதைகளை ஒப்பிட்டால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பாதையில் கோப்பி சென்றது. அப்பாதை 1820களிலேயே அமைக்கப்பட்டது. 1867இற் கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பாதையில் மனிதர் வந்தனர். அங்கே நெடுங்காலம் மரநிழலே மடமாயிருந்தது. கிணறுகளும் கொட்டகைகளும் வைத்தியசாலைகளும் பின்னர் தோன்றியது உண்மை. மரணச் செய்தி ஊர்களில் பரவி ஆள் வரத்து குறையுமோ என்னும் கவலையும், நோய் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் பரவுமோ என்னும் அச்சமும் அவற்றின் பின்னே நின்றன. தலைமன்னாருக்குப் புகைவண்டியும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் 1914இலேயே கிடைத்தன. அதற்குள் இலைநோயினாற் கோப்பியே அழிந்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய்க்கு அஞ்சி வடக்குப் பாதை மூடப்பட்டது. அதன்பின் நடையின் கொடுமை குறைந்தது, கட்டுப்பாடோ இறுகியது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தகரச் சீட்டு, தொழிலாளியைச் சேர வேண்டிய இடத்துக்குப் பொதியைப்போற் கொண்டு சேர்த்தது. மண்டபம் முகாமிற் புகையூட்டலும் தடுத்துவைப்பும் காத்திருந்தன. கடனோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டுமுறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது.

இவ்வரலாறு அத்துடன் முடிந்திருந்தால் இதனைப் பழங்கதை எனலாம். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், நடந்து வந்தவரின் பேரப்பிள்ளைகளை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மீண்டும் ஒரு பயணத் திட்டம். மீண்டும் பயணிகளைக் கேளாமலே! மலைநாட்டிற் பிறந்து வளர்ந்தவர்கள் தலைமன்னாருக்குப் புகைவண்டியேறி, தாம் கண்டிராத 'தாயகத்துக்கு'க் கப்பலேறினர். போரினால் 1984இல் அக்கப்பலும் நின்றது. நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை வழங்கியது.

2023இல் ஒரு கூட்டம் இப்பாதையில் மீண்டும் நடந்தது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். எங்கே தங்குவது, யாரோடு உண்பது, என்ன கேட்பது என்பவற்றையெல்லாம் நடப்பவர்களும் அவர்தம் தோழர்களுமே வகுத்தனர். முன்னோர் கடன்சுமையோடு நடந்த வழியில், அவர்தம் வழித்தோன்றல்கள் காணி, வீடு, நியாயமான கூலி, சமமான பிரசைக்குரிய மதிப்பு என்னும் கோரிக்கைகளோடு நடந்தனர். அக்கோரிக்கைகள் முற்றாக நிறைவேறவில்லை. லயன் அறைகள் இன்றும் நிற்கின்றன.

நம் பள்ளிகளில் மார்க்கோ போலோவின் வழியை மாணவர் படத்திற் குறிக்கின்றனர், குறிக்கட்டும். அதே படத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கோடு இழுக்கவும் ஆசிரியர்கள் கற்பிக்க வேண்டும். அக்கோட்டின் இருமருங்கும் பெயரெழுதாத புதைகுழிகள் உள்ளன என்றும், நாம் காலையில் அருந்தும் தேநீருக்கு அவ்வழியே வந்தவர்கள்தாம் மலையைத் திருத்தினர் என்றும் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட மாணவன், தன் நாட்டின் செல்வம் யாருடைய கால்களில் நடந்து வந்தது என்று வினவத் தொடங்குவான்.