இன்னொரு தடவை எழுதலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேரோட்டமும் கவுன்சிலிங் சீசனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துலதான் வரும். தேர் பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாரும் கேட்கிற கேள்விதான் இன்னைக்கு எபிசோட். மார்க் நல்லா வந்தும் நினைச்ச சீட் கிடைக்கலைன்னா, இன்னொரு தடவை எழுதலாமா?

இது நீட் வந்த பிறகு வந்த கேள்வி இல்ல. 1984-ல, எம்.ஜி.ஆர். ஆட்சியில தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300-க்கு கட்-ஆஃப். அரை மார்க்ல மெடிக்கல் சீட்டை விட்டவங்களுக்கு 'இம்ப்ரூவ்மென்ட்'னு ஒரு வழி இருந்தது. பாஸான பாடத்தையே திரும்ப எழுதி மார்க்கை ஏத்திக்கலாம்.

ஆனா யாரால முடியும்? டியூஷன் ஃபீஸ் கட்டி, ஒரு வருஷம் வீட்டுல உட்கார முடியுறவங்களால. ராஜபாளையத்துல மில்லுல ஷிஃப்ட் பார்க்கிறவரோட பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் ரொம்பப் பெரிய செலவு.

2005 ஜூன்ல ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வு, இம்ப்ரூவ்மென்ட் ரெண்டையும் ரத்து செஞ்சது. அந்த ஆணை உயர் நீதிமன்றத்துல நிற்கல. அப்புறம் கருணாநிதி அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு 2007 மார்ச்ல குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சு, நுழைவுத் தேர்வு போச்சு.

பத்து வருஷம் கழிச்சு, 2017-ல நீட் வந்தப்போ, மறுபடி எழுதுறதும் கூடவே வந்தது. ஏ.கே. ராஜன் குழு அறிக்கைப்படி, தமிழ்நாட்டு மருத்துவ சேர்க்கையில திரும்ப எழுதினவங்க பங்கு 2016-17-ல 12.47 சதவீதம். 2020-21-ல அது 71.42.

இப்போ 2024-க்கு வருவோம். நீட்ல சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு மைனஸ் 1. அதனால 720-க்கு அடுத்து வரக்கூடிய மார்க் 716-தான். ஆனா ரிசல்ட்ல 719, 718 எல்லாம் இருந்தது! தேர்வு நேரம் வீணானதுக்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தது அப்படித்தான் வெளிய வந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனதும் அந்த மார்க்கை ரத்து பண்ணி, ரெண்டு வழி கொடுத்தாங்க: கருணை மார்க் இல்லாத மதிப்பெண்ணை ஏத்துக்கலாம், இல்லைன்னா ஜூன் 23 மறுபடி எழுதலாம். எழுதினது 813 பேர். கருணை மார்க்கோட 720 எடுத்திருந்த ஆறு பேர்ல அஞ்சு பேர் எழுதினாங்க. ஒருத்தருக்கும் 720 திரும்ப வரல.

அடுத்த வருஷம், 2025-ல, வினாத்தாள் கடுமை. அகில இந்திய முதல் இடத்துக்கே 686-தான்.

எனக்கு இதுல புரியுறது இதுதான். மார்க் உங்களுடையது மட்டும் இல்ல, அந்த வருஷத்தோட வினாத்தாளுக்கும், கூட எழுதினவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு. எழுதாதீங்கன்னு சொல்ல வரல. 700-ஐ 710 ஆக்கணும்னு கணக்குப் போடாதீங்க. இந்த ரேங்க்ல கையில இருக்கிற சீட்டைப் பாருங்க, உங்க வீடு அந்த ஒரு வருஷத்தைத் தாங்குமான்னு பாருங்க. ரெண்டுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு முடிவெடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.